தொண்ணூற்றேழாம் பக்கம்

ஆடிட்டரம்மாவிடம் அதுவரை வந்த வழக்குகளிலெல்லாம் ஏதாவது ஒன்று குறைந்து போயிருக்கும். நகை, வீட்டுப் பத்திரம், ஒருமுறை நிச்சயம் செய்த மாப்பிள்ளை. கணக்குத் தணிக்கை வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவருக்குக் குறைந்ததைத் தேடுவது கைவந்த கலை. 'எங்களிடம் ஒன்று கூடிப் போய்விட்டது, கூட்டியது யார் என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் யாரும் அவரிடம் வந்து நின்றதில்லை. போன வாரம் அப்படி ஒருவர் வந்து நின்றார்.

"கூடிப் போனதுக்கெல்லாமா கேஸு?" என்றார் வீட்டுக்காரர், காரை நிறுத்த இடம் தேடியபடி. "என் எடைகூடத்தான் கூடிப் போச்சு. யார் கூட்டினான்னு ஒருத்தராவது விசாரிச்சீங்களா?"

"சமைக்கிறது நீங்க, சாப்பிடுறதும் நீங்க. அதுல விசாரிக்க என்ன இருக்கு?"

வீட்டுக்காரர் என்பது ஆடிட்டரம்மாவின் கணவர். ஆபீசில் உதவியாளர், ரோட்டில் டிரைவர், மற்ற நேரங்களில் யாரும் கேட்காமலே கருத்துச் சொல்பவர். வேலை நேரத்தில் மனைவியை 'மேடம்' என்று கூப்பிடுவார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்று ஆடிட்டரம்மாவாலேயே இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூடிப் போனது ஓர் எண். இயற்பியல் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடும் ஒரு காலாண்டிதழின் தாக்க எண். அந்த இதழில் வந்த கட்டுரைகளைப் பிறகு எழுதுகிறவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஒன்றுக்குக் கீழே கிடந்தவரை அந்த இதழை ஒருவரும் சீந்தவில்லை. சில வருடங்களில் அது மூன்றைத் தாண்டியதும், இதழ்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் நிறுவனம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தது. மேற்கோள்களில் பாதிக்கு மேல் அதே இதழின் கட்டுரைகளிலிருந்தே வந்திருந்தன. கட்டுரையாளர்களை யாரோ வற்புறுத்தி மேற்கோள் போட வைக்கிறார்கள், ஆள் யாரென்று சொல்லாவிட்டால் இதழைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்துவிட்டது.

இதழை நடத்தும் சங்கத்தின் தலைவருக்கு நாளைக்குள் ஒரு பெயர் வேண்டும். அவர் மனதில் ஒரு பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. துணை ஆசிரியையின் பெயர். கட்டுரையாளர்களோடு கடிதப் போக்குவரத்து முழுக்க அவள் பொறுப்பு. மாட்டினால் வேலை போவது மட்டுமல்ல, இந்தத் துறையில் தலைகாட்டவே முடியாது.

அவள் இதழாசிரியரின் ஒரே மகள். ஆடிட்டரம்மாவைத் தேடி வந்தவர் அந்த இதழாசிரியர், ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர்.

"விசாரிங்கம்மா. ஆனா என் பொண்ணா இருந்தா, ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட தனியா சொல்லிடுங்க. தலை குனியறதுக்கு எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்" என்று சொல்லியிருந்தார்.

ஆடிட்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

இதழின் அலுவலகம் கல்லூரிக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டே அறைகள். உள்ளறை பேராசிரியருக்கு. வெளியறையில் சுவர் முழுக்கப் பழைய இதழ்கள், ஒரு கணினி, கணினிக்குப் பின்னால் மகள். நாற்பதை நெருங்கும் வயது. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். ஆடிட்டரம்மா கேட்டதும் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் விவரத்தைத் திரையில் காட்டினாள்.

"கட்டுரையைப் படிச்சு அபிப்பிராயம் சொல்ற ரெவ்யூவர்கள் யாருன்னு தெரியுமா?"

"ஒரு கட்டுரைக்கு ரெண்டு பேர் மேடம். ஆளை அப்பாதான் தேர்ந்தெடுப்பார். பேரை யாருக்கும் சொல்ல மாட்டார். அவங்க குறிப்பு கணினி வழியா நேரா கட்டுரையாளருக்குப் போயிடும்."

பேராசிரியரிடமும் ஆடிட்டரம்மா இதைக் கேட்டிருந்தார். ரெவ்யூவர் பெயரை வெளியிடுவது எங்கள் தொழிலுக்கே துரோகம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்துவிட்டார்.

ஆடிட்டரம்மாவுக்கு இயற்பியல் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் கணக்கில் எழுதியிருக்கும் சரக்கு கிடங்கில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கும் தணிக்கைப் புத்தி போகவில்லை. திரையில் இருந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் எடுத்துப் பார்த்தார். நாலாவது கட்டுரையில் கை நின்றது. அதைப் பத்தொன்பது பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பக்கம் தொண்ணூற்றேழு முதல் நூற்று நான்கு வரை என்று அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். கையில் இருந்த இதழோ தொண்ணூற்றாறாம் பக்கத்தில் முடிந்துவிட்டது. அப்புறம் பின்னட்டை.

"ஏங்க, தொண்ணூத்தேழாம் பக்கம் எங்க?"

வீட்டுக்காரர் இதழை வாங்கி, பின்னட்டையைத் திருப்பி, அதற்குக் கீழே பார்த்தார். "மேசைதான் இருக்கு மேடம். பத்தொன்பது விஞ்ஞானிகள் மேசையைப் படிச்சு மேற்கோள் காட்டியிருக்காங்க. தேக்குங்கிறதால மதிப்பு ஜாஸ்தி."

மகளின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. "அச்சுப் பிழையா இருக்கும்" என்றாள். அவளை யாரும் கேட்காமலே வந்த பதில். முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பாத்தீங்களா? மூஞ்சியிலேயே கையெழுத்துப் போட்டுட்டா."

"முதல்ல டிசைனரைப் பாப்போம்."

இதழின் பக்கங்களை வடிவமைக்கும் டிசைனர் இரண்டு தெரு தள்ளி, அச்சகத்தின் பின்கட்டில் இருந்தார். காதில் பென்சில், மேசையில் பாதி குடித்த டீ. அந்த இதழைக் காட்டியதும் பெருமூச்சு விட்டார்.

"இதை எப்படி மறப்பேன்? புரூஃப் எல்லாம் பாத்து முடிச்சு, நூத்தி நாலு பக்கம் ரெடி. மிஷின்ல ஏத்தப் போற சமயத்துல கடைசிக் கட்டுரையை எழுதினவர் போன் பண்ணி, 'வேண்டாம், எடுத்துடுங்க'ன்னு கெஞ்சறார். பெரியவர் ஆஸ்பத்திரியில இருந்தார், அவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன். பொண்ணுதான் வந்து என் பக்கத்துல நின்னு எடுக்கச் சொல்லிச்சு. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. பதினாறு பக்கம் ஒரு பாரம். தொண்ணூத்தாறுன்னா ஆறு பாரம், கச்சிதம்."

"அச்சாகாத அந்தக் கட்டுரையைப் பாத்தவங்க யார் யார்?"

"எழுதினவர் நீங்கலா மூணே பேர். நான், பெரியவர், பொண்ணு. ரெண்டு ரெவ்யூவர் படிச்சிருப்பாங்க, ஆனா பக்க எண் புரூஃப்லதானே விழும்?"

"நீங்க படிச்சீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் படிச்சிருந்தா இந்நேரம் வேற ஆளா ஆகியிருப்பேனே சார்" என்று டிசைனர் டீயை எடுத்தார்.

கட்டுரையை எழுதிய விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் ஊரின் இன்னொரு கோடியில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கதவில் புதிதாகப் பெயர்ப்பலகை, புதிதாகப் பதவி. ஆடிட்டரம்மா 'தொண்ணூற்றேழாம் பக்கம்' என்று சொன்னதும், கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னைக்காவது யாராவது வருவாங்கன்னு தெரியும்."

"கட்டுரை எதைப் பத்தி?"

"ஒரு மெல்லிசான உலோகத் தகடு. குளிர வச்சா தானா நடுங்குது. அந்த நடுக்கம் புதுசு, யாரும் பாக்காததுன்னு எழுதினேன். ராத்திரி பகலா வேலை. அப்புறம் ஒரு நாள் கீழ்த்தளத்துல தண்ணி மோட்டார் ரிப்பேராச்சு." அவர் தரையைப் பார்த்தார். "தகடு நடுக்கத்தை நிறுத்திடுச்சு."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மனைவியின் பார்வை பட்டதும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சிரிங்க சார். நானும் சிரிச்சேன். அன்னிக்கே போன் பண்ணி வாபஸ் வாங்கிட்டேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்." விஞ்ஞானி கைகளைப் பிசைந்தார். "அப்புறம் அந்தக் கட்டுரையை ஒவ்வொருத்தரா மேற்கோள் காட்ட ஆரம்பிச்சாங்க. இல்லாத கட்டுரையை! கணினி அதையெல்லாம் எண்ணி என் பேர்ல போட்டுடுச்சு. பதவி உயர்வுக்கு நேர்காணல். பத்தொன்பது மேற்கோளான்னு குழுவுல எல்லாரும் புருவத்தை உயர்த்தினாங்க. வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. நேர்மையா வாபஸ் வாங்கினதுக்கு எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல மேடம். அச்சாகாததுக்கு நாற்காலி குடுத்தாங்க. அந்தப் பெயர்ப்பலகையை நான் நிமிர்ந்து பாக்கிறதே இல்ல."

"மேற்கோள் காட்டினவங்க யாரையாவது கேட்டீங்களா?"

"ஒரு கருத்தரங்கத்துல ஒருத்தரைப் பிடிச்சேன். என் கட்டுரையில எந்தப் பகுதி உதவுச்சுன்னு கேட்டேன். முடிவுரை ரொம்ப ஆழம்னார். நான் அவர் கண்ணையே பாத்துட்டு நின்னேன். மனுஷன் நெளிஞ்சுட்டு, 'ரெண்டாவது ரெவ்யூவர் இதையும் சேர்க்கலாமேன்னு எழுதியிருந்தார், சேர்த்தேன், பிரசுரமாகணுமே'ன்னார். படிக்காம மேற்கோள் காட்டினேன்னு அவருக்கு வெட்கம். இல்லாததுக்குப் பேர் வாங்கினேன்னு எனக்கு வெட்கம். இப்ப ஒரே கூட்டத்துக்குப் போனா ஆளுக்கொரு மூலையில நிக்கறோம்."

திரும்பும் வழியில் வீட்டுக்காரர் வழக்கை முடித்தே விட்டார்.

"ரெண்டாவது ரெவ்யூவர்ங்கிற பேர்ல எழுதினது யாரோ, அவங்கதான் ஆள். அந்தப் பக்க எண் மூணு பேருக்குத்தான் தெரியும். டிசைனருக்கு இயற்பியல்னா உப்பா புளியான்னு தெரியாது. பேராசிரியர் நமக்குக் கேஸ் குடுத்தவர். மிச்சம் பொண்ணு. மேடம், நான் இன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா?"

ஆடிட்டரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடுங்கின பல்லை யாராவது தேய்ப்பாங்களா?"

"என்ன?"

"அந்தக் கட்டுரையை டிசைனர் பக்கத்துல நின்னு எடுக்க வச்சதே அவதான். அது இல்லைங்கிறது அவளுக்கு நல்லாத் தெரியும். திருட்டு வேலை பண்றவ, மாட்டிக்கிற மாதிரி இல்லாத கட்டுரையையா சேர்க்கச் சொல்வா? அது இன்னமும் இருக்குன்னு நம்புற ஆள்தான் சொல்லியிருக்கணும். புரூஃபைப் பாத்துட்டு, அச்சான இதழைப் பாக்காத ஆள்."

"அப்படின்னா மிச்சம்..." வீட்டுக்காரர் வாக்கியத்தை முடிக்கவில்லை. சிவப்பு விளக்குக்காக நிறுத்திய கார், பச்சை விழுந்த பிறகும் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"அவரே பண்ணிட்டு, அவரே கேஸ் குடுத்தாரா? என்ன நெஞ்சழுத்தம்!"

"பொய் சொல்லிக் கேஸ் குடுத்திருந்தா எனக்குக் கவலையே இல்ல. அவருக்கே தெரியலைன்னு நினைக்கிறேன். அதான் பயமா இருக்கு. வண்டியை எடுங்க."

அலுவலகத்தின் வெளியறையில் மகள் இல்லை. கணினி அணைந்திருந்தது. உள்ளறையில் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் புதிதாக வந்த ஒரு கட்டுரை பிரித்தபடி கிடந்தது.

"தெரிஞ்சு போச்சாம்மா?" என்றார் எழுந்து நின்று. "என் பொண்ணுதானா?"

ஆடிட்டரம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. "சார், குளிர வச்சா நடுங்கற தகடு பத்தி ஒரு கட்டுரை உங்க இதழ்ல வந்துச்சாமே?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை கவலைக்கு நடுவிலும் மலர்ந்துவிட்டது. "அதுவா! எவ்வளவு அழகான வேலை! ஒரு தகடு, ஒரு விளக்கு, சுவர்ல ஒளிப்புள்ளி. அவ்வளவுதான் கருவி. புரூஃப்ல வரி வரியா ரசிச்சுப் படிச்சேன். இப்ப வர்றதெல்லாம் அந்த மாதிரியா? யார் கேட்டாலும் அதைத்தான் படிக்கச் சொல்றது. இருங்க, காட்டறேன்."

அவரே போய் அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்தார். பிரித்தபோது முதுகுப் பசை படபடவென்று விட்டது. அதுவரை ஒருமுறைகூடப் பிரிக்கப்படாத இதழ். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. பின்னட்டை. அவர் விரலை நாக்கில் தொட்டு, கடைசித் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பிரித்துப் பார்த்தார். ஒட்டியிருக்கவில்லை. உள்ளடக்கத்துக்குப் போனார். திரும்பவும் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எழுதினவர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிட்டார் சார். நீங்க அப்ப ஆஸ்பத்திரியில இருந்தீங்க." ஆடிட்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "அதைப் பத்தொன்பது பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. இரண்டாவது ரெவ்யூவர் சேர்க்கச் சொன்னாராம். அந்த இரண்டாவது ரெவ்யூவர் யாருன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்ல."

பேராசிரியர் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். இதழை மூடி மேசைமேல் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"நான் யோசனைதான் சொன்னேன்" என்றார். "வற்புறுத்தல. சத்தியமா வற்புறுத்தல. முடிஞ்சா சேருங்கன்னு எழுதினேன். அதை உத்தரவுன்னு எடுத்துப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"உங்க கையில அவங்க கட்டுரை இருக்கு சார். நீங்க முடிஞ்சான்னு கேட்டாலும் அவங்க முடியாதுன்னு சொல்வாங்களா?"

அவர் இதழின் மேலிருந்த கைகளை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"எதுக்காக நீங்களே எழுதினீங்க?"

"இந்த இதழுக்கு ரெவ்யூ பண்ண யாரும்மா வர்றாங்க? ஒருத்தர் கிடைப்பார். ரெண்டாவது ஆளுக்கு நாய் படாத பாடு. கட்டுரை மாசக்கணக்கா கிடக்கும். சரி, நாமே எழுதிடலாம்னு..." அவர் நிறுத்தினார். மேசையில் கிடந்த புதுக் கட்டுரையைப் பார்த்தார். "எழுத உட்கார்ந்தா என்ன எழுதறது? தப்புச் சொல்லணும்னா புரியணும். பாராட்டணும்னாலும் புரியணும். புரியாதவன் என்ன எழுத முடியும்? 'நம் இதழில் ஏற்கெனவே வந்த இவற்றையும் பார்க்கவும்'. அதை மட்டும்தான் எழுத முடிஞ்சுது. அந்தத் தகடு கட்டுரைதான் எனக்கு முழுசாப் புரிஞ்ச கடைசிக் கட்டுரை. அதுக்கப்புறம் அச்சான இதழை எடுத்துப் பிரிக்கவே கூசும். பேர் மட்டும் முதல் பக்கத்துல ஆசிரியர்னு இருக்கும்."

கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவர் சட்டென்று தலையைத் தூக்கினார். "எண் ஏறினதும் ஊரெல்லாம் பேசினேனே! நம்ம தரம் ஏறிடுச்சுன்னு மேடையில நின்னு பேசினேனே!"

"அப்பா."

மகள் கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. தனியாகச் சொல்வதாகக் கொடுத்த வாக்கு ஆடிட்டரம்மாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்தியிருக்கலாம். கதவைச் சாத்தும் சின்ன மரியாதைகூடத் தோன்றாமல், விடை சரியா என்று பார்க்கும் அவசரம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

"உனக்குத் தெரியுமா?" என்றார் பேராசிரியர்.

"எச்சரிக்கை வந்த அன்னிக்கு எண்ணிக்கையைப் பாத்தேன். அந்தக் கட்டுரை அதுல இருந்துச்சு. எடுத்தவளே நான். உங்களைத் தவிர யாரும் அதை இருக்குன்னு நினைச்சிருக்க முடியாது. ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும். அம்மா இருந்த நிலைமையில சொல்லல, அப்புறம் இதழைப் பாத்திருப்பீங்கன்னு நினைச்சுட்டேன்."

"மூணு வாரமா ஏம்மா சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது?" அவள் உள்ளே வந்தாள். "தலைவர்கிட்ட இன்னிக்குக் காலைல நான்தான்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கையெழுத்துக் கேட்டிருக்கார். எனக்கு வேற வேலை கிடைக்கும்ப்பா. உங்களுக்கு இது போனா..."

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்றார் பேராசிரியர். "ஆள் வச்சு விசாரிக்கச் சொன்னேன். பெத்த பொண்ணை."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

அவள் தலையாட்டினாள். பேராசிரியர் அவளைப் பார்க்க முடியாமல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்தார். யார் கையையும் பிடிக்காமல் வெளியறைக்குப் போய், மகளின் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைப் போட்டார். "நீங்க சொல்லுங்கப்பா, நான் அடிக்கறேன்" என்று அவள் பின்னாலேயே ஓடினாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார். பட்டியல் நிறுவனத்துக்கு ஒன்று, அதன் நகல் சங்கத் தலைவருக்கு.

"போயிடலாமா?" என்று வீட்டுக்காரர் மனைவியின் காதருகே கேட்டார். "நாம இங்க நிக்கறது நல்லா இல்லம்மா." வேலை நேரத்தில் 'மேடம்' வராதது அன்றைக்குத்தான்.

ஆனால் வாசலுக்குப் போக அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது திரை கண்ணில் பட்டுவிட்டது.

'இரண்டாவது மதிப்பீட்டாளர் நான்தான். என் மகளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. என்னிடம் வந்த கட்டுரைகள் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நம் இதழின் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி எழுதினேன்.'

"பிழை இருக்கா பாரும்மா" என்றார் பேராசிரியர்.

மகள் குனிந்து படித்தாள். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது. அவர் தோள்மேலாகக் கையை நீட்டி, 'என்னிடம் வந்த' என்பதற்குப் பிறகு 'சில' என்று ஒரு சொல்லை மெல்லச் சேர்த்தாள்.

பேராசிரியர் அதைப் பார்த்தார். அவள் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். அந்தச் சொல்லை அழித்துவிட்டு, அனுப்பிவிட்டார்.